இழுத்தது வண்டியா, கையா?

குற்றாலம் ரோட்டில் ஒரு பழக்கடைக்குள் என் புதுக் காரின் முன்பக்கம் நுழைந்து நின்றது. பெரிய கடை ஒன்றும் இல்லை. நான்கு கம்பு, மேலே நீலத் தார்ப்பாய், பலகையின் மேல் மங்குஸ்தானும் ரம்பூட்டானும். பலகைக்கு முன்னால் தரையில் இருந்த ரம்பூட்டான் கூடை ஒன்று பம்பருக்கு அடியில் போய்விட்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிவரை பதறிக்கொண்டே படிப்பீர்கள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம். மேலகரத்திலிருந்தே பத்தடிக்கு ஒரு தரம் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றதும் நானும் மிதித்தேன். கார் நிற்பதற்குப் பதிலாக இடது பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்தும் அது கேட்கவில்லை.

கடைக்காரிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. “ஏ யக்கா, பழம் வேணும்னா எறங்கி வந்து கேக்கப்பிடாதா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “நான் சொன்னேம்லா. உன் கைதான் இழுக்குது” என்றார். பிறகு சென்னையில் இருக்கும் மகன் குமரேசனுக்குப் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“எப்பா, இதுக்கு மேல வேண்டாம். ஞாயித்துக்கிழம நான் வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிருதேன். அம்மாகிட்ட சொல்லிருங்க” என்றான் மகன். அம்மாவுக்கும் கேட்டது, கடைக்காரிக்கும் கேட்டது, ரோட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

டிரைவர் நான்தான்

இந்தத் தொடரில் இதுவரை நான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவளுக்கு வேறு என்ன தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். கார் ஓட்டத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு கற்றுக்கொண்டேன்.

சுரண்டையில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள் நான். டூட்டிக்குப் போனதெல்லாம் பஸ்ஸில். நின்றுகொண்டே போய், பகல் முழுக்க வார்டில் நின்று, நின்றுகொண்டே திரும்பி வந்திருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் உட்கார்ந்து போக வேண்டும், அதுவும் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஒரு வைராக்கியம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. கார் வாங்கலாம் என்றதும் தலையாட்டினார், டிரைவர் யாரைப் போடலாம் என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டார். “டிரைவர் நான்தான்” என்றேன். அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

வண்டியை எடுத்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அதற்குச் சரி சொன்னேன். முன்னால் கறுப்புக் கயிறு கட்ட வேண்டும் என்றார். அதெல்லாம் வேண்டாம், பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நாள் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் போனோம். அங்கே சூரியகாந்தியைவிட அதோடு நின்று போட்டோ எடுக்கிறவர்கள் அதிகம். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வண்டியைத் திருப்பி வந்தேன், ஒரு கீறல் இல்லை.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

ஒரே சொல், நாலு நோய்

வண்டி வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனேன். டை கட்டிய ஒரு தம்பி வந்தான். “தம்பி, வண்டி இழுக்குது” என்றேன்.

“நல்லா இழுக்கும் மேடம், புது இன்ஜின்லா. புளியரை ஏத்தத்துல விட்டுப் பாருங்க, இன்னும் இழுக்கும்” என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் படுத்துகிற பாடு அப்படி. மூச்சு வாங்கினால் இழுப்பு. பக்கவாதம் வந்தால் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. சாகக் கிடந்தால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மலை ஏறுகிற வண்டியோ நன்றாக இழுக்கிறது.

ஒரு தடவை வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக ஒரு டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஒரு அம்மா தன் புருஷனைக் கூட்டிவந்து, “விடியக்காலமே புடிச்சு இழுக்குது டாக்டர்” என்றாள். டாக்டர் பதறிப்போய் அவர் கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். மனுஷன் மூச்சு விடவே சீவனில்லாமல் பல்லைக் காட்டினார். எனக்கு அவர் நெஞ்சு விசில் அடிப்பது கட்டிலுக்கு இந்தப் பக்கமே கேட்டது.

“ஏ தாயி, எது இழுக்குது? கையா, மூச்சா?” என்று கேட்டேன்.

“மூச்சுதாம்மா. கை எதுக்கு இழுக்குது?” என்றாள். அன்றிலிருந்து அந்த டாக்டர் யாராவது இழுக்குது என்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அதனால் டை கட்டிய தம்பிக்கும் விளக்கமாகச் சொன்னேன். இடது பக்கமாகப் போகிறது, முக்கியமாகப் பிரேக் பிடிக்கும்போது. வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் காலியான ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. மெஷினில் ஏற்றி அலைன்மென்ட் பார்த்தார்கள், எல்லாம் பச்சை.

“வண்டி பக்காவா இருக்கு மேடம். மழத்தண்ணி வடியுறதுக்கு ரோட்ட ஓரமாச் சரிச்சுப் போட்டிருப்பாங்க. புதுசா ஓட்டுறவங்களுக்கு இழுக்குற மாதிரித் தோணும்” என்றான்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தம்பி சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவர் தலையை ஆட்டியதுதான் தாங்கவில்லை.

கண்ணாடி முன்னால்

அன்று வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணினேன். கண்ணைத் திறந்தபோது இடது கை ஒரு நூல் இறங்கியிருந்தது போலப் பட்டது. மறுபடி செய்தேன். இறங்கவில்லை. மறுபடியும் செய்தேன்.

பயந்துபோனேன். என் அப்பாவுக்கு ஏறக்குறைய இந்த வயதில்தான் ஒரு பக்கம் இழுத்தது. எத்தனையோ பேருக்குப் பார்த்த சோதனையை நான் எனக்கே செய்துகொள்வது அதுதான் முதல் தடவை. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

மறுநாள் என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவரிடம் போய் நின்றேன். பிரஷர் பார்த்தார், சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். “கை இரும்பா இருக்கு சிஸ்டர். நீங்க மெக்கானிக்கப் பாருங்க” என்றார்.

கை இல்லை என்றால் வண்டிதான். அன்று முதல் ஒரு நோட்டு போட்டேன். ஜுர சார்ட் எழுதின கைக்கு இதெல்லாம் புதிதில்லை. எந்த ரோடு, எத்தனை மணி, கூட்டம் உண்டா, எப்போது இழுத்தது என்று தினமும் எழுதினேன். நாலாவது நாளே விஷயம் தெரிந்துவிட்டது. கிளம்பிப் பத்து நிமிஷம் வரை இழுப்பதில்லை. பிரேக்கை மிதிக்க மிதிக்க இழுப்பு ஏறுகிறது. ஒரு மணி நேரம் நிறுத்திப் போட்டால் இறங்கிவிடுகிறது.

சாயங்காலம் ஏறுகிற காய்ச்சல் காலை ரவுண்ட்ஸில் அகப்படாது. டை கட்டிய தம்பி காலை ரவுண்ட்ஸ் டாக்டர்.

நோட்டோடு ஜெபராஜ் கடைக்குப் போனேன். தென்காசியில் டயர், அலைன்மென்ட் எல்லாம் பார்க்கிறவர். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்தபோது நான் கூட இருந்தேன், அதனால் என் பேச்சை உட்கார்ந்து கேட்டார். முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார். “டயர்ல கோளாறுன்னா இனிமே வலப்பக்கம் இழுக்கும் சிஸ்டர்” என்றார். இடது சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே எட்டிப் பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பேசாமல் டயரை மாட்டினார். நானும் கேட்கவில்லை.

வண்டி அதற்குப் பிறகும் இடது பக்கம்தான் இழுத்தது. ஆக, டயர் இல்லை. இரண்டு நாள் கழித்துக் குற்றாலத்துக்குக் கிளம்பினோம்.

சாரலில் காய்ந்த சக்கரம்

இப்போது அந்தப் பழக்கடைக்குத் திரும்பி வருகிறேன். இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். எங்கே அடிபட்டிருக்கிறது என்றுதான் பார்த்தேன். மூன்று சக்கரம் சாரலில் நனைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பக்க இடது சக்கரத்தின் நடுப்பாகம் மட்டும் காய்ந்து கிடந்தது. விழுகிற துளி விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. லேசாக ஆவி எழுந்தது, கரிந்த வாடையும் வந்தது.

குனிந்து புறங்கையைக் கொண்டுபோனேன். பின் சக்கரங்கள் சில்லென்று இருந்தன. முன்பக்க வலது சக்கரம் இளஞ்சூடு. இடது சக்கரத்தின் பக்கம் கையை வைக்க முடியவில்லை.

“காய்ச்சல்” என்றேன்.

“யாருக்கு?” என்றாள் கடைக்காரி.

“வண்டிக்கு.”

அப்போதுதான் அவள் ஸ்டூலைவிட்டு எழுந்து வந்தாள். பழத்துக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரைக் கையில் அள்ளிச் சக்கரத்து ஓட்டைக்குள் வீசினாள். சுர்ரென்றது. “தோசக்கல்லு மாதிரில்லா காஞ்சு கிடக்கு” என்றாள். எனக்கு அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும் போல இருந்தது. மூன்று வாரத்தில் வண்டியில் கோளாறு உண்டு என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

ஜெபராஜைப் போனில் கூப்பிட்டேன். பைக்கில் வந்து சேர்ந்தார். ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும் என்றதால் என் வீட்டுக்காரரும் கைப்பிடியை விட்டு இறங்கித் தார்ப்பாய்க்குக் கீழே வந்து நின்றார். சூடு ஆறும்வரை காத்திருந்து சக்கரத்தைக் கழற்றினோம்.

உள்ளே கறுப்புக் கயிறு. விரல் தண்டியில் முறுக்கின கயிறு, சக்கரத்தைத் தாங்கும் தண்டைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று, மேலே இறுக்கி முடிச்சு, முடிச்சில் ஒரு விபூதிப் பொட்டலம்.

“அன்னைக்கே பாத்தேன் சிஸ்டர்” என்றார் ஜெபராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு. “சாமிக் கயிறு. நானோ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நான் கை வச்சு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா எம்மேலல்லா பழி வரும்? அதான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

“அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீயளா?”

அவர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். கயிற்றுக்குள்ளே ஒரு ரப்பர் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. பிரேக் எண்ணெய் போகிற ஓஸ். ஜெபராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மிதிக்கிற வேகத்துல எண்ண உள்ள போயிரும் சிஸ்டர். காலை எடுத்தா திரும்பி வர வழியில்ல. இந்தப் பக்கத்துப் பிரேக்கு மட்டும் பிடிச்ச பிடிய விடாம நிக்கும்” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஆசையாகக் கறுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். குழந்தை சதை போடும், கயிறு இறுகும். ரத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. கை உப்பிப்போய்க் கொண்டுவருவார்கள். நான் கத்திரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டு, கயிற்றைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுவேன். இப்படி வெட்டிய கதைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் சொல்வதுண்டு.

“யாரு கட்டுனது?” என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

கட்டியவர்

“சாஸ்தா கோயில்ல பூச பண்ணி வாங்கிட்டு வந்தேன்” என்றார் என் வீட்டுக்காரர். “வலப்பக்கம் சுவரு. இந்தச் சக்கரம்தான் வெளிய திரும்பி நின்னுச்சு, கை உள்ள போச்சு. நீ குளிக்கப் போயிருந்த.”

“முன்னால கட்டுனா என்ன?”

“முன்னால கட்டுனா நீ அறுத்துருவ. ஆஸ்பத்திரியில எத்தன கயிறு அறுத்திருக்க.”

“மூணு வாரமா உன் கை, உன் கைன்னு சொன்னீயளே. எனக்கு ஒரு பக்கம் இழுத்துட்டோன்னு டாக்டர்கிட்ட போய் நின்னேன், தெரியுமா உங்களுக்கு?”

அவர் முகம் மாறிவிட்டது. டாக்டரிடம் போன விஷயம் அவருக்குத் தெரியாது.

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுட்டி” என்றார். “பக்கத்துல உக்காந்து நான் என்ன செய்ய முடியும்? வெறும் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு வாரேன். நீ தனியாப் போற அன்னைக்கு அதுவும் இல்ல. கயிறுதான் கட்ட முடியும், அதக் கட்டுனேன்.”

எனக்குக் கோபமும் வந்தது, அவர் மேல் பாசமும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே காட்டினேன். ஜெபராஜிடம் கத்தியை வாங்கி, ஓஸில் படாமல் கயிற்றை அறுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். “கொண்டுபோயி முன்னால கட்டுங்க. எல்லாருக்கும் தெரியுற மாதிரிக் கட்டுங்க” என்றேன். கட்டினார். இன்றைக்கும் பம்பரில் அது தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லைதான்.

நசுங்கிய ஓஸை நம்பி ஓட்டக் கூடாது என்று ஜெபராஜ் வண்டியை அன்று ஒரு வேனில் கட்டித் தன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் புதிது மாற்றி, குழாயிலிருந்த காற்றுப் போகப் பிரேக் எண்ணெய் விட்டு, அதே ரோட்டில் பிரேக் அடித்துப் பார்த்தோம். நேராக நின்றது. கூடைப் பழத்தைக் காசு கொடுத்து நாங்களே எடுத்துக்கொண்டோம். நசுங்கியது போக மிச்சம் தெருவுக்கே கொடுக்கும் அளவுக்கு இருந்தது.

ஆனால் அன்று அந்தப் பழக்கடையைவிட்டு நகருவதற்கு முன்னால் எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

“குமரேசனக் கூப்பிடுங்க” என்றேன்.

“வீட்டுல போயிப் பேசுவோம்.”

“என் மானம் போனது இங்கனதான். இங்கனயே கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

கடைக்காரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் போன் போட்டார். மகன் எடுத்ததுமே, “எப்பா, அதான் வாரேன்னு சொன்னேம்லா” என்றான்.

“ஏலே, சொல்லுததக் கேளு. உங்கம்மா கை இழுக்கல. வண்டியும் தானா இழுக்கல. எல்லாம் என்னாலதாம்ல. எனக்குத்தான்...” அதற்கு மேல் சொல்ல வராமல் நின்றார்.

“எப்பா, உங்களுக்கா இழுத்துட்டு? எந்தப் பக்கம்? எம்மா எங்க? போன அம்மாகிட்ட குடுங்க” என்று மகன் அலறினான். ஜெபராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் ஜாக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்லலே. நல்லா இருக்கேன்” என்று ஆரம்பித்து, சாஸ்தா கோயிலிலிருந்து ஓஸ் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “அவ ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பிடி பிடிக்கிற வண்டிய மூணு வாரம் ஒருத்தர் மேலயும் படாம ஓட்டியிருக்கா. என்னக் கேட்டா, டிரைவர்னா அவதாம்ல” என்றார்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கடைக்காரி என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைன் கட் ஆகிவிட்டதோ என்று அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் குமரேசன் பேசினான்.

“ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்ப்பா. சும்மா வந்து பாத்துட்டுப் போறேன்” என்றான். கொஞ்சம் இழுத்து, “காலையில ஆட்டோக்காரன் கிடைக்க மாட்டான். அம்மாவ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க” என்றான்.

“எந்த டிரெயின்னு கேளுங்க” என்றேன்.